‘என்ற மெட்டு’
தீவக வரலாறு: பகுதி 14

பத்திரிகைகள் கிறிஸ்துமஸ் என்று எழுதினாலும் ஊர்காவற்துறையிலும் கரம்பனிலும் மெலிஞ்சிமுனையிலும் வீட்டுப் பேச்சில் வரும் சொல் நத்தார்தான். போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ நம் நாவில் தேய்ந்து நத்தார் ஆயிற்று. அந்த நத்தாலும் பிரெஞ்சுக்காரரின் ‘நோயல்’ என்ற சொல்லும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிறப்பைக் குறிக்கும் ‘நத்தாலிஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இரண்டுக்கும் தாய். பிரெஞ்சில் நோயல் என்பது திருநாளின் பெயர் மட்டுமன்று. அந்நாளில் பாடும் பாட்டுக்கும் அதுவே பெயர். சென்ற பகுதியில் ஒல்லாந்தர் தம் ஊர்ப் பெயர்களை நமது தீவுகளுக்குச் சூட்டிய கதையைப் பார்த்தோம். வேலணைத் தீவு லெய்டன் ஆனது, காரைதீவு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் மட்டுமே நிலைத்தது, மற்றவை உதிர்ந்தன. ஆட்சியாளர் எழுதிவைத்த பெயர் உதிர்ந்த இடத்தில், எவரும் சட்டம் போடாத நத்தார் என்ற சொல் நிலைத்துவிட்டது. பாட்டு எப்படி நிலைக்கிறது, எப்படி அழிகிறது என்பதை இந்தப் பகுதியில் ஆராய்வோம். ஒரு பாட்டின் சொல்லை ஏடும் அச்சும் காக்கும். அதன் மெட்டைக் காப்பவர் வாத்தியக்காரர். பிரான்ஸ் தேசத்து நத்தார்ப் பாட்டுகளின் கதை இதற்குச் சான்று; தீவகத்து நத்தார்ப் பாட்டுகளின் கதை எதிர்ப்புறத்திலிருந்து தரும் சான்று.

பிரான்சில் 16 ஆம் நூற்றாண்டு முதல் நோயல் பாட்டுப் புத்தகங்கள் மலிவு அச்சில் தெருத் தெருவாக விற்பனையாகின. நமது சந்தைகளில் முன்னர் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களைப் போன்றவை அவை. அவற்றில் இசைக்குறிப்பு அரிது. பாட்டின் தலையில் ஒரு வரி மட்டும் இருக்கும்: ‘இன்ன பாட்டின் மெட்டில்’. அந்த ‘இன்ன பாட்டு’ பெரும்பாலும் கோயிலுக்கு வெளியே பிறந்தது. காதற் பாட்டு, குடிப் பாட்டு, ஆட்டப் பாட்டு, வேட்டைக் கொம்பின் ஊதல் எல்லாம் குழந்தை இயேசுவின் தாலாட்டாயின. பிரெஞ்சு நாட்டின் தென்பகுதியான புரோவான்சில் நிக்கொலா சபோலி (1614–1675) என்ற குரு, கற்றோர் பேசிய பாரிஸ் பிரெஞ்சை விட்டுத் தம் மக்களின் புரோவான்சால் மொழியில், அவர்கள் வாயிலிருந்த மெட்டுகளிலேயே நோயல்களைக் கட்டினார். அதே நாட்டில் மூன்று ராசாக்களின் பயணத்தைப் பாடும் புகழ்பெற்ற பாட்டு, தியூரென் தளபதியின் பெயரால் வழங்கிய படைநடை இசையில் அமைந்தது. பிற்காலத்தில் பிசே 1872 இல் தம் நாடக இசையில் அதைச் சேர்த்துக்கொண்டார். வாத்திய இசை பாட்டாகி, பாட்டு மீண்டும் வாத்திய இசையான கதை இது.

ஒரு மெட்டின் பயணத்தை மட்டும் சற்று நின்று பார்ப்போம். மடத்துக்கு அனுப்பப்படும் இளம்பெண்ணின் துயரத்தைச் சொல்லும் காதற்பாட்டு ஒன்று, இத்தாலியில் ‘மோனிக்கா’ என்ற பெயரோடும் பிரான்சில் வேறு பெயரோடும் திரிந்தது. பிரெஞ்சுக்காரர் அதன் இளம்பெண்ணை இளங்கன்னி ஆக்கினார்கள். பாட்டு மரியாளின் பாட்டாயிற்று. கனடாவில் ஊரோன் மக்களிடையே பணியாற்றிய ழான் தெ பிரேபெப் என்ற இயேசு சபைக் குரு, அம்மக்களின் மொழியில் ஒரு நத்தார்ப் பாட்டை இம்மெட்டிலேயே கட்டினார் என்பது மரபு. காலம் ஏறத்தாழ 1642. அடுத்த அரை நூற்றாண்டில் பாரிசில் மார்க்-அந்துவான் ஷார்பாந்தியே (1643–1704) நத்தார் நடுச்சாமப் பூசைக்கு அமைத்த இசையில் ‘ஆண்டவரே இரங்கும்’ என்னும் பகுதிக்குள் அதே மெட்டு நுழைந்துவிட்டது. ஒரே மெட்டு, நான்கு வாழ்வு. இதில் எதை ‘அசல்’ என்பது? மெட்டு எவர் வீட்டுச் சீதனமும் அல்ல என்பதை ஐரோப்பியரின் நத்தார்ப் பாட்டே ஒப்புக்கொள்கிறது.

இனி வாத்தியக்காரரிடம் வருவோம். சொல்லை மட்டும் அச்சிட்ட புத்தகங்களின் மெட்டுகளைத் தாளில் வாங்கியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் பாரிசின் ஓர்கன் கலைஞர்கள். நிக்கொலா ழிகோ 1680களின் தொடக்கத்திலும் நிக்கொலா லெபேக் 1685 இலும் வெளியிட்ட ஓர்கன் நூல்களில் நோயல்கள் வாத்திய உருவம் பெற்றன. டெலலாந்து அவற்றைப் பல வாத்தியக் குழுவுக்கு அமைத்தார். அவை நத்தார் இரவில் அரச சிற்றாலயத்தில் ஒலித்தன. ஷார்பாந்தியேயும் வாத்தியங்களுக்கென்றே நோயல்களை எழுதினார். நடுச்சாமப் பூசையிலோ பாடகர் ஓய்ந்த இடங்களில் ஓர்கன் அதே மெட்டை எடுத்து வாசிக்கவேண்டும் என்று குறித்தும் வைத்தார். இவ்வழியின் உச்சம் லூயி-கிளோட் டாக்கான். 1757 இல் வந்த அவரது நோயல் நூல் ஓர்கனுக்கும் ஹார்ப்சிகோட்டுக்கும் உரியது. ஆனால் பெரும்பாலானவற்றை வயலினிலும் புல்லாங்குழலிலும் ஓபோவிலும் வாசிக்கலாம் என்று முகப்பிலேயே அவர் சொல்லிவிட்டார். அந்நூலில் ‘சுவிஸ் நோயல்’ என்று ஒன்றும் ‘அயல்நாட்டு நோயல்’ என்று ஒன்றும் உண்டு. அயல் மெட்டை அயல் மெட்டு என்றே பெயரிட்டு அரங்கேற்றியிருக்கிறார், மறைக்கவில்லை. பாரிசின் சென் றொக் கோயிலில் பல்பாஸ்தர் வாசித்த நோயல்களைக் கேட்கக் கூடிய கூட்டம் பொறுக்காமல், 1762 இல் பேராயர் நடுச்சாமப் பூசையில் அவர் வாசிப்பதையே தடை செய்தார். பக்திக்கு வந்தார்களா பாட்டுக்கு வந்தார்களா என்ற சந்தேகம் ஆயருக்கு! நமது கோயில் வீதியில் தவில் தனியைக் கேட்க மட்டும் வந்துவிட்டுத் தீபாராதனைக்கு முன் நழுவும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இது புதினமல்ல.

இவர்கள் வாசித்த முறையையும் சொல்லவேண்டும், ஏனெனில் வாதம் அதில்தான் தங்கியிருக்கிறது. முதலில் மெட்டு அணியின்றி வரும். எவரும் கூடவே முணுமுணுக்கலாம். அடுத்த சுற்றில் ஒவ்வொரு சுரத்தையும் இரண்டாக, பின்னர் மூன்றாக, நான்காகப் பிளந்து விரைவு கூட்டுவார்கள். இடையில் இடையரின் துருத்திக் குழலான மியூசெத்தைப் போல, அடியில் ஒரு சுரம் அசையாமல் நீடிக்க, மேலே மெட்டு ஆடும். நாதஸ்வரத்துக்கு அருகில் ஒத்து ஊதுபவர் செய்கிற அதே வேலை. நயினை நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவில் சுவாமி வீதி வரும்போது கீர்த்தனையின் பல்லவியை முதலில் நேராக ஊதிக்காட்டி, பிறகு சங்கதிகளை அடுக்குகிற நாதஸ்வரக்காரரின் நெறியும் இதுதான். சொல் இல்லாத இடத்தில் மெட்டு தன் காலில் நிற்கவேண்டும். ஆகவே வாத்தியக்காரர் அதை உறுதியாக வைத்துக்கொள்கிறார்.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தின் நிலை என்ன? லெபேக்கின் நூல் வந்து இரண்டாண்டுக்குள், 1687 இல், யோசேப் வாஸ் முனிவர் வேடம் மாற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு குற்றம். 1680களின் முடிவில் ஒரு நத்தார் இரவில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படை சுற்றிவளைத்துப் பிடித்தது. சிலர் கொடிய தண்டனைக்கு ஆளானார்கள். பாரிசில் ஓர்கன் முழங்கிய இரவில், இங்கே பூட்டிய கதவுக்குப் பின்னால் நத்தார். ஓசை காட்டிக்கொடுக்கும் நாட்டில் வாத்தியம் வளராது. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. ஒல்லாந்தர் தம் கோயில்களில் பாடிய சங்கீதங்கள் ஜெனீவாவில் பிரெஞ்சுச் சொற்களுக்காக அமைந்த மெட்டுகளில் இருந்தன. 1562 இல் முழுமையுற்ற அந்தப் பிரெஞ்சுச் சங்கீத நூலின் மெட்டுகளுக்கு ஒல்லாந்துச் சொல் கட்டித்தான் அவர்கள் பாடினார்கள். ஆகவே 1706 இல் கோட்டைக்குள் எழுந்த ஒல்லாந்தக் கோயிலில் ஒலித்தவை பிரெஞ்சு மெட்டுகளே. பிரெஞ்சுக் குருமார் வருவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அவர்கள் ஊர் மெட்டு இங்கே வந்துவிட்டது, அதுவும் எதிர்ச் சபையின் வாயில்! நயினாதீவுக்குப் பெயர் தந்த ஹார்லெம் நகரம் 1738 இல் கட்டிமுடித்த பேரோர்கன் உலகப் புகழ் பெற்றது. பெயரைப் பெற்ற தீவுக்கு அதன் ஒரு சுரமும் வரவில்லை.

மறைவில் வாழ்ந்த அந்தச் சமூகம் பாட்டைக் கைவிடவில்லை. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) எழுதிய வியாகுலப் பிரசங்கம் தபசுகால வழிபாட்டின் குரலாயிற்று. இன்னொரு புறம் கூத்து வளர்ந்தது. தென்மோடிக் கூத்தைக் கத்தோலிக்கக் கடற்கரையூர்கள் தம் சொத்தாக்கிக்கொண்டன. தீவகத்தில் மெலிஞ்சிமுனை அதற்குப் பேர்போன ஊர். நத்தார்க் கதையின் மூன்று ராசாக்கள் மேடையேறிய ‘மூவிராசாக்கள் நாடகம்’ மன்னாரில் ஆடப்பட்டு, பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பதிப்பாக 1960களில் அச்சேறியது. கூத்துக் கொப்பியைத் திறந்தால் விருத்தம், கலித்துறை, தரு என்று தலைப்பிருக்கும். தருவின் தாளக்கட்டும் சில வேளை இருக்கும். ஆனால் தருவின் மெட்டு, கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் தொண்டையில்தான் இருக்கும். கோயிற் பாட்டுப் புத்தகங்களிலும் அதே கதை. ‘என்ற மெட்டு’, ‘என்ற வர்ணமெட்டு’ என்று ஒரு வரி. அந்த ‘என்ற’வுக்கு முன்னால் நிற்கும் பாட்டு ஒருகால் நாடகப் பாட்டு, ஒருகால் கீர்த்தனை, பிற்காலத்தில் சினிமாப் பாட்டு. பிரெஞ்சுக்காரரின் ‘இன்ன பாட்டின் மெட்டில்’ என்ற வரிக்கு இதைவிட நேரான உறவு வேறெங்கும் கிடைக்காது. இரு நாட்டாரும் ஒரே வழியில் பாட்டுக் கட்டினார்கள். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. அங்கே ஓர்கன்காரர் வந்து மெட்டைத் தாளில் எழுதினார். இங்கே எழுத எவரும் வரவில்லை.

தமிழருக்கு இது தெரியாத பாடமா? சைவர் நிறைந்த நயினாதீவில் மார்கழி என்றால் திருவெம்பாவைதான். விடியற்புறத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, திருவாசகம் பாடி வீதி சுற்றும் கூட்டத்துக்கும், அதே மாதத்தில் ஊர்காவற்துறையில் கரோல் பாடி வீடு வீடாகச் செல்லும் கூட்டத்துக்கும் இடையில் சிறு கடல்தான் உண்டு. அந்தச் சைவ மரபே நமக்கொரு கதையை விட்டுச்சென்றிருக்கிறது. திருமுறைகண்ட புராணத்தின்படி, தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்தது போக எஞ்சிய ஏடுகளிலிருந்து தேவாரத்தின் சொல் மீட்கப்பட்டது. பண் அங்கே கிடைக்கவில்லை. ஏட்டில் பண்ணின் பெயர் இருக்கலாம், பண் இருக்காது. ஆகவே நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிக் கண்டு, அவர் வழியாகப் பண்ணை வகுத்தார்கள். கதையின் வரலாற்று உண்மை எவ்வளவு என்பது வேறு விசாரணை. அதன் அறிவு நுட்பமானது: சொல்லை ஏட்டில் தேடியவர்கள், இசையை வாத்தியக்காரர் குடும்பத்தில் தேடினார்கள். யாழ் பாடியின் பெயரால் ஊர்க்கதை சொல்லும் ஒரு நாட்டுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

பிரெஞ்சுத் தொடர்பு நேராக வந்தது 1847 நவம்பரில். அமலமரித் தியாகிகள் சபையின் முதற்குழு அப்போது இலங்கையில் இறங்கியது. சபையை 1816 இல் தொடங்கிய யூஜின் தெ மசெனோட், சபோலியின் புரோவான்சைச் சேர்ந்தவர். 1813 இல் ஏக்ஸ் நகரில் வேலைக்காரருக்கும் ஏழைகளுக்கும் அவர் செய்த தபசுகாலப் பிரசங்கங்கள் புரோவான்சால் மொழியிலேயே இருந்தன, மேல்தட்டார் முகஞ்சுளித்தார்கள். மக்கள் மொழியிலேயே மறைபேசவேண்டும் என்ற அந்தப் பிடிவாதத்தின் பிள்ளைகள்தாம் யாழ்ப்பாணம் வந்தார்கள். பொஞ்சான் ஆண்டகை 1868 இல் ஆயரானது முதல் கியோமார் ஆண்டகையின் காலம் 1950 இல் முடியும்வரை, யாழ்ப்பாண ஆயர் வரிசை பிரெஞ்சுக்காரர் வரிசை. இவர்கள் நோயல்களை இங்கே நட்டார்கள் என்பது என் வாதமல்ல. என் கேள்வி, எந்த வாத்தியம் இங்கே மெட்டைக் காத்திருக்க முடியும் என்பது. பாரிசில் டெபான் 1840களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற ஆர்மோனியம், ஓர்கன் வாங்க வசதியற்ற சிறுகோயில்களின் ஓர்கனாக உலகெங்கும் பரவியது. கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் பெட்டியாகச் சுருங்கி, தமிழ் நாடக மேடையில் ஏறி, இசைநாடகத்தின் உயிர்மூச்சாயிற்று. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டத்தை ஆர்மோனியம் இல்லாமல் எவர் நினைப்பார்? பிரெஞ்சு ஓர்கனின் ஏழைப் பேரப்பிள்ளை நம்மூர்க் கூத்துக் கொட்டகையில் குந்தியிருந்தது. ஆனால் அது பாடகனைத் தொடர்ந்து போயிற்றே தவிர, மெட்டைத் தனியே எடுத்து வாசித்து எழுதிவைக்கும் பழக்கம் அதைச் சுற்றி வளரவில்லை. உரோமையும் உதவவில்லை: 1903 இல் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட கட்டளை, பியானோவையும் முரசு, தாளம் போன்ற ஓசைமிக்க கருவிகளையும் கோயிலுக்கு வெளியே நிறுத்தியது. மத்தளமும் சல்லரியும் தாய்மொழி வழிபாட்டோடு உள்ளே வர 1963 இன் வத்திக்கான் சங்கத் தீர்மானம்வரை காத்திருக்க நேர்ந்தது.

மறுப்புகள் எழும். முதலாவது: பிரெஞ்சு மெட்டுகளைக் காத்தது ஓர்கன் மட்டுமா? 1700களின் தொடக்கத்தில் பாரிசின் பல்லார் அச்சகம் நோயல் மெட்டுகளையே இசைக்குறியோடு அச்சிட்டதே? உண்மை. ஆனால் ஓர்கன் நூல்கள் அதற்கு இருபது ஆண்டு மூத்தவை. இசைக்குறி அச்சை வாங்குபவரும் வாத்தியம் பழகியவர்தான். தெருவில் பாடுபவருக்கு அந்த ‘மெட்டில்’ என்ற வரி போதும். இரண்டாவது மறுப்பு கனமானது. சுரக்குறி கூத்துத் தருவின் இழுவையையும் கமகத்தையும் பிடிக்காது. எழுதப்பட்ட மெட்டு செத்த மெட்டு. வாய்வழி மரபு நூற்றாண்டுகள் தாங்கியதே என்பார்கள். முதற்பகுதியை ஏற்கிறேன். டாக்கானின் நூலிலும் அன்றைய தெருக்காரனின் குரல் இல்லை, எலும்புதான் உண்டு. எலும்பு இருந்தால் உடலை ஊகிக்கலாம். இதற்குத் தமிழ்ச் சான்றும் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் கட்டிய நோட்டுசுரங்களில், பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டு உண்டு. பிரெஞ்சு ஆட்டப்பாட்டின் மெட்டு என்று அடையாளங்காணப்பட்டதும் உண்டு. அவை இன்று வீணை மாணவர் கையிலும் வயலின் மாணவர் கையிலும் உயிரோடிருப்பதற்குக் காரணம், சுப்பராம தீட்சிதர் 1905 இல் தம் தொடக்கப் பயிற்சி நூலில் சுரத்தோடு அவற்றைப் பதித்ததும், கருவி பழகுவோருக்கு அவை எளிய பயிற்சியாக அமைந்ததும்தான். அதே காலத்துத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கிறிஸ்தவப் பாட்டுகளுக்கு இராகமும் தாளமும் தலைப்பில் உண்டு. ஆனால் ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறு மெட்டில் கேட்கிறது. இராகத்தின் பெயர் வழி சொல்லுமே தவிர, வீட்டைக் காட்டாது.

வாய்வழி மரபு தாங்கியது என்பதும் பாதி உண்மை. அண்ணாவியாருக்கு அருகில் இருந்து பழகும் இளைஞன் இருக்கும்வரைதான் அது தாங்கும். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போரில் ஊர்காவற்துறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு, வன்னிக்கு, கொழும்புக்கு, ரொறொன்ரோவுக்கு, பாரிசுக்கு. நாடகக் கொப்பிகள் பெட்டியில் போயின, சில தப்பின. அண்ணாவியாரும் மாணவரும் வெவ்வேறு கண்டங்களில் இறங்கினால் கொப்பி என்ன செய்யும்? மூன்றாவது மறுப்பு ஒன்றுண்டு: நமது கடற்கரைக் கூத்தை ஏன் வெள்ளைக்காரரின் ஓர்கனால் அளக்கவேண்டும் என்பது. அளவுகோல் யாழ்ப்பாணர் மரபுப் பெண்ணின் கதையிலேயே இருக்கிறது. பாரிஸ் அதற்குச் சாட்சி மட்டும். தவிர, நோயல் அரண்மனையில் பிறந்த கலையுமல்ல. ஆட்டுக்காரனும் சாராயக்கடையும் தந்த மெட்டை அரசனின் கோயில் இரவல் வாங்கிய கதை அது. மெலிஞ்சிமுனை அதற்கு முன் தலைகுனிய எந்தக் காரணமும் இல்லை.

இன்று நூலகம் முதலிய எண்ணிம ஆவணத் திட்டங்கள் நமது பழைய நூல்களைப் படமெடுத்துச் சேர்க்கின்றன, நல்ல காரியம். ஆனால் படமெடுக்கப்படுவது சொல். ஊர்காவற்துறையிலோ நயினாதீவிலோ பாரிசின் லா சப்பலிலோ இதைப் படிக்கும் தீவகத்தாரே, உங்கள் வீட்டில் கூத்துக் கொப்பியோ நத்தார்ப் பாட்டுக் கொப்பியோ திருவெம்பாவைக் கூட்டத்தின் பழைய பாட்டுப் புத்தகமோ இருந்தால் படமெடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ‘என்ற மெட்டு’ என்று எழுதியிருக்கும் அந்த வரியை வீட்டிலுள்ள மூத்தவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் முணுமுணுப்பதை ஓர் ஆர்மோனியக்காரரோ நாதஸ்வரக்காரரோ சொல்லில்லாமல் ஒருமுறை வாசிக்க, அதைக் கைபேசியில் பதிந்து, கொப்பியின் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள். இந்த நத்தாருக்குள், முடிந்தால்.